இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 19

ஆயில் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க வெறுமையாகக் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

பெங்களூரிலிருந்து மகள் மௌனிகா கூப்பிட்டாள். என் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கிவிட்டாளாம். சட்டை, வாட்ச் இல்லை. கோவைக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கில் ஸ்போர்ட்ஸ் காரை நானே ஐந்து சுற்று ஓட்டலாமாம். பக்கத்தில் ஒரு கோச் உட்கார்ந்து வருவாராம். மார்ச் 22-ஆம் தேதி. இதற்குப் பேர் 'அனுபவம்' என்றாள். முப்பது வருஷமாக நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஸ்டியரிங் பிடித்தார்கள். எனக்கே அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்கித் தருகிறாள் என் மகள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பூங்கொடிக்கு ஒரே சிரிப்பு. "டிவியில ரேஸ் வந்தா, நானும் ஓட்டியிருப்பேன், நானும் ஓட்டியிருப்பேன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பீங்க. இப்ப ஓட்டுங்க, பாக்கலாம்."

"ரொம்ப சந்தோசம் கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வேகத்தை நினைத்துத்தான் பயம். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 21

பேக்கரிக்குள் நுழையும்போதே டீ மாஸ்டர், "என்னங்க மாஸ்டர், ரேஸ்ல எறங்கறீங்களாமா?" என்று கத்தினார். பூங்கொடியின் வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒருத்தர் போனில் அந்தக் காரை ஓடவிட்டுக் காட்டினார். சிவப்பு நிறம், தரையோடு ஒட்டின உடம்பு. அது வளைவில் திரும்பியதைப் பார்த்தேன். தேங்காய் பன்னைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

காலை வகுப்பு ஜெசிந்தா டீச்சருக்கு. நடுநிலைப் பள்ளி ஆசிரியை. நன்றாகத்தான் ஓட்டுகிறார், ஆனால் லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். "பயப்படாதீங்க டீச்சர், என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குது. நீங்க மறந்தாலும் நான் மிதிச்சுருவேன்" என்றேன். வந்து சேருகிற எல்லோருக்கும் முதல் நாள் சொல்கிற வசனம் இது. இடது சீட்டில் என் வலது கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருக்கும். எங்கள் பிழைப்பே அந்தப் பிரேக்தான். அதை நம்பித்தான் கண்ணை மூடுகிறவர்கள்கூட வண்டியை எடுக்கிறார்கள்.

பிப்ரவரி 24

உழவர் சந்தையிலிருந்து கத்தரிக்காய், சுரைக்காய், அரைக்கீரை. வீட்டு வாசலில் பூங்கொடி என் காலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வலது கால் செருப்பு எங்க?" என்றாள்.

குனிந்து பார்த்தால் இல்லை. வந்த வழியே திரும்பிப் போனேன். சந்தை முக்கில், பூக்காரம்மா கடைக்கு எதிரில் கிடந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் தார் ரோட்டில் ஒற்றைக் காலில் செருப்பு இல்லாமல் நடந்து வந்திருக்கிறேன்.

வார் தளர்ந்துவிட்டது. புதுச் செருப்பு வாங்க வேண்டும். பரிசைப் பற்றி யோசித்துக்கொண்டே நடந்ததில் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 27

டிராக்குக்குப் போகாமல் இருக்க ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிரஷர் இருக்கிறது என்றேன். "மாத்திரைதான் சாப்பிடறீங்களேப்பா" என்றாள் மௌனிகா. பங்காளி வீட்டில் பெரியவர் ஒருத்தர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார், தீட்டு வந்தாலும் வரும் என்றேன். அவர் நேற்று எழுந்து உட்கார்ந்து கறிக்குழம்பு கேட்டாராம். வேறு தேதிக்கு மாற்றலாமே என்றேன். மாற்ற முடியாதாம்.

"பயமாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கா?" என்று சிரித்தேன். நல்லவேளை, அது வீடியோ கால் இல்லை.

பூங்கொடி சர்க்கரை பார்த்துக்கொண்டு வரச் சொல்லி நச்சரிக்கிறாள். போன வருஷம் பார்த்ததுதான். போனால் டாக்டர் வாயைக் கட்டு என்பார். இன்னொன்றும் கேட்பார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மார்ச் 3

இன்று சாயங்காலம் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று அரை நாள் லீவு போட்டிருந்த ஜெசிந்தா டீச்சர் ஓட்டினார். பள்ளி விடுகிற நேரம். நிழற்குடை அருகே ஒரு சிறுமி ரோட்டில் உருண்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க ஓடி வந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன். அதற்குள் டீச்சரே மிதித்து நிறுத்திவிட்டார். அந்தக் குழந்தை பானெட்டுக்கு முன்னால் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு போனது.

குனிந்து பார்த்தேன். என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில், தரையில் விரித்த ரப்பர் மேட்டை அழுத்திக்கொண்டிருந்தது.

"இவ்வளவு லேட்டாவா மிதிக்கிறது? கண்ணு எங்க வெச்சிருந்தீங்க?" என்று டீச்சரைக் கத்தினேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "சாரி மாஸ்டர்" என்றார்.

மேட் நகர்ந்துவிடுகிறது. நாளைக்கு ஒட்ட வேண்டும்.

மார்ச் 4

மேட்டை ஒட்டிவிட்டேன். அது போக, இனி அடிக்கடி குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

மார்ச் 8

கிருத்திகை. பூங்கொடியோடு மருதமலை போனேன். டிராக் விஷயம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அவளுக்கு வேண்டுதல். எனக்கு இன்னொரு வேண்டுதல் இருந்தது. சாமியிடம் மட்டும் சொன்னேன்.

உச்சி வெயில். பிரகாரத்தில் கல் கொதித்தது. ஜனங்கள் தேங்காய்நார் விரிப்பில் இடித்துக்கொண்டு ஓடினார்கள். குழந்தைகள் குதித்தன, ஆம்பளைகள் ஐயோ முருகா என்று எம்பினார்கள். நான் கூட்டம் இல்லையே என்று வெறும் கல்லில் இறங்கி, கும்பிட்டபடி நிதானமாகச் சுற்றி வந்தேன். திருப்பூர்க்கார அம்மா ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நெருங்கியதும் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தச் சூட்டுல பூ மேல நடக்கற மாதிரி நடக்கறாருங்க. இவருகிட்ட முருகன் இருக்கறானுங்க" என்றார் பூங்கொடியிடம்.

பூங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. மலை இறங்கும் வரைக்கும் என்னை ஒரு வார்த்தை அதட்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை.

நானும் நம்பினேன். அருள்தான் என்று நம்பினேன். வேறு எப்படி நம்புவது? அர்ச்சகர் சாமி பாதத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்து, "ஓட்டும்போது கூடவே வெச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

மார்ச் 9

வலது பாதத்தில் கொப்புளம். கட்டிலில் படுத்திருந்தபோது பூங்கொடிதான் பார்த்தாள். "ஏனுங்க, இத்தாப்பெருசு கொப்புளம்! வலிக்கலையா?"

"சாமி காரியத்துல வலியெல்லாம் தெரியாது புள்ள" என்றேன். அவள் மஞ்சள் பூசிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நேற்றுப் பார்த்த பார்வை இல்லை இது.

மார்ச் 14

ஜெசிந்தா டீச்சருக்கு இந்த வாரம் வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி சர்வீஸ் என்றேன். வண்டி வீட்டு முன்னால்தான் நிற்கிறது.

மார்ச் 21

மௌனிகா வந்துவிட்டாள். பூங்கொடி கோழி வறுத்தாள். சாப்பிடும்போது பூங்கொடி, "உங்கொப்பன் ஊருக்கெல்லாம் வண்டி சொல்லித்தாராரு. எனக்கு மட்டும் சொல்லித்தராம, 'நீ எங்க போகோணும்'னு கேட்டே இத்தன வருசம் ஓட்டிட்டாரு" என்றாள். வருஷத்துக்கு ஒரு முறை பாடுகிற பாட்டு. வழக்கமாகச் சண்டை போடுவேன். இன்று தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

நாளைக்கு.

மார்ச் 22

எழுத்து கோணலாக வருகிறது.

டிராக் ஆபீசில் ஒரு டப்பாவைக் காட்டி, பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் அதில் போடச் சொன்னார்கள். போன், சாவி போட்டேன். எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தேன். டப்பாவுக்குள் பெல்ட்டும் மணிபர்சுமாக ஒரே தோல். சாமி பாதத்தில் இருந்ததை அதற்குள் போட மனசு வரவில்லை. யாரும் பார்க்காதபோது திரும்ப பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

கோச் பேர் தருண். மௌனிகா வயதுதான் இருக்கும். பபிள்கம் மென்றுகொண்டு, வணக்கம் சொன்னான். ஹெல்மெட் மாட்டி, காருக்குள் என்னை இறக்கி, தோளுக்கு இரண்டு இடுப்புக்கு இரண்டு என்று பெல்ட்டைப் போட்டு இறுக்கினான். பந்தியில் உட்கார்ந்த மாதிரி அவ்வளவு தாழ்வான சீட். கியர், கிளட்ச் கிடையாது. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மட்டும். இரண்டுக்கும் வலது கால்தான்.

அவன் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தான். பழக்க தோஷம், அவன் காலடியை எட்டிப் பார்த்தேன். வெறும் கார்ப்பெட்.

"தம்பி, உங்க பக்கம் பிரேக் இல்லீங்களா?"

"இல்லீங்க சார்" என்று சிரித்தான். "நீங்கதான் பிரேக்."

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மௌனிகா போனைத் தூக்கிப் பிடித்துக் கையாட்டினாள். பூங்கொடி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இந்தப் பையன், முகம் தெரியாத என்னை நம்பிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். முப்பது வருஷத்தில் நான் ஒரு நாள்கூட யாரையும் இப்படி நம்பி உட்கார்ந்ததில்லை. இறங்கவில்லை.

முதல் சுற்று மெதுவாகப் போனோம். இரண்டாவதில் கொஞ்சம் வேகம். பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது. நினைத்த இடத்துக்கு வண்டி திரும்பியது. "சூப்பர் சார், கை நல்லா பேசுது" என்றான் தருண். அப்போதுதான் காலைப் பார்க்கக் குனிந்தேன். ஹெல்மெட்டின் தாடை குறுக்கே நின்றது. மடி வரைக்கும்தான் தெரிந்தது. கால் தெரியவில்லை. இரண்டு வாரமாக எந்த முறையை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேனோ, அது இங்கே இல்லை.

மூன்றாவது சுற்றில் நேர் ரோடு வந்தது. "மிதிங்க, மிதிங்க" என்றான். மிதித்தேன். வேலி, மரம், மௌனிகா எல்லாம் ஒரு கோடாகிவிட்டது. தூரத்தில் ஆரஞ்சு கூம்புகள். அங்கேதான் பிரேக் என்று சொல்லியிருந்தான்.

"பிரேக் சார். பிரேக்... சார், பிரேக்!"

"மிதிக்கறேனுங்க!" என்று அலறினேன். சத்தியமாக மிதித்தேன். தொடை நடுங்கும் அளவுக்கு மிதித்தேன். வண்டி கொஞ்சம் முனகியது, அடங்கவில்லை. வளைவு வந்துவிட்டது. தருண் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக மண்ணுக்குள் விட்டான். கல்லும் மண்ணும் அடியில் படபடவென்று அடித்தன. கண்ணாடி முழுக்கப் புழுதி. வண்டி திணறித் திணறி நின்றது. புழுதி அடங்கியபோது எதிரே அடுக்கி வைத்த டயர் சுவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

அவன் இன்ஜினை அணைத்தான். பபிள்கம் மெல்லவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தான். பிறகு ஒரு சாமானைத் தூக்கி வைப்பது மாதிரி என் காலைத் தூக்கி ஓரமாக வைத்தான். பிரேக்குக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. பாக்கெட்டிலிருந்து எப்போது நழுவி உருண்டதோ.

"சார், இது பெடலுக்கு அடியில மாட்டியிருக்கு. பாதி உங்க ஷூவுல ஒட்டியிருக்கு. காலுக்குக் கீழ கல்லு மாதிரி உருண்டிருக்குமே, உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"வேகத்துல கவனிக்கலீங்க தம்பி" என்றேன். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்தான்.

மௌனிகா ஓடி வந்தாள். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கால் சுளுக்கியிருக்கும் என்று ஷூவைக் கழற்றினாள். துணி ஷூ. சாறு உள்ளே வரைக்கும் இறங்கி சாக்ஸ் நனைந்திருந்தது. சாக்ஸை உருவினாள். மருதமலைக் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, சிவப்பாகப் புண். அது முழுக்க எலுமிச்சைச் சாறு.

அவள் விரலை முகர்ந்து பார்த்தாள். "அப்பா, இது எரியலையா?"

பூங்கொடி பின்னால் வந்து நின்றாள். எரியுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆ என்று முகத்தைச் சுளித்திருந்தால் போதும், எல்லாரும் நம்பியிருப்பார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூட ரோட்டில் வண்டி எடுத்திருப்பேன். ரோட்டில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்த அந்தக் குழந்தையின் முகம் வந்தது.

"இல்ல கண்ணு" என்றேன். "ஒண்ணுமே தெரியல."

"எத்தன நாளா?"

"செருப்பு தொலையறதுக்கும் முன்னாலருந்து."

பூங்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பூ மேல நடக்கறாருன்னு சொன்னாங்களே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மார்ச் 24

டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் தொடுவாராம், தொடும்போது சொல்ல வேண்டுமாம். மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே டோக்கன் கூப்பிட்டார்கள்.

"எப்பங்க டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"முடிச்சிட்டேன்" என்றார்.

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது. இடது காலில் உணர்ச்சி பாதிதான், வலது காலில் அதுவும் இல்லை. போன உணர்ச்சி முழுக்கத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன் என்றார். புண்ணை ஆற்ற வேண்டும், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. சொல்லித் தருவதற்காக இடது பக்கம் உட்காரவும் கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் இத்தனை நாள் கேட்காமல் ஒளிந்துகொண்டிருந்தேன். அது சர்க்கரையைவிட எனக்குப் பெரிய பயம். அந்தச் சீட்டை விட்டால் நான் யார்?

திரும்பும்போது மௌனிகா அழுதாள். "அந்தப் பரிசே குடுத்திருக்கக் கூடாதுங்கப்பா. தண்டம்."

"தண்டமில்ல கண்ணு. அங்க சுத்திலும் மண்ணு இருந்துச்சு, டயர் இருந்துச்சு. இங்க ரோட்டுல என்ன இருக்குது?"

மார்ச் 26

ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கு நானே போனேன். மார்ச் 3-ஆம் தேதி அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது நீங்கள்தான், என் கால் பிரேக்கிலேயே இல்லை, பழியை உங்கள் மேல் போட்டுக் கத்தினேன் என்று சொன்னேன்.

பரவாயில்லை மாஸ்டர் என்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. "அது எங்க ஸ்கூல் புள்ளை மாஸ்டர். உங்க பக்கமும் பிரேக் இருக்குன்னு நம்பித்தானே நான் ரோட்டுல வண்டிய எடுத்தேன்?" என்றார். கதவு வரைக்கும்கூட வரவில்லை.

ஏப்ரல் 6

டிரைவிங் ஸ்கூல் போர்டைக் கழற்றவில்லை. சின்னராசு மாஸ்டரைச் சேர்த்திருக்கிறேன். சித்தாபுதூரில் தனியாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். காலையில் நான் பாடம் சொல்வேன், அவர் வண்டியில் போவார். இன்று முதல் ஆள் பூங்கொடி. அவளாக வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, "இனி உங்கள ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிப்போறது? சொல்லிக் குடுங்க" என்றாள்.

சின்னராசு இடது பக்கம் ஏறினார். என் சீட். "பயப்படாதீங்கக்கா, என் பக்கமும் பிரேக் இருக்குது" என்றார். அதே வசனம். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் வண்டியின் பின்சீட்டில் இத்தனை வருஷத்தில் இன்றுதான் உட்காருகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தை வைத்த செருப்பு போட்டிருந்தேன்.

பூங்கொடி நன்றாக எடுத்தாள். தெரு முனையில் ஒரு பால்காரர் குறுக்கே வந்துவிட்டார். அவள் பதறி ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டாள். வண்டி சட்டென்று நின்றது. சின்னராசு மிதித்திருக்கிறார். பால்காரர் முறைத்துவிட்டுப் போனார்.

"நல்லா நிறுத்தினீங்கக்கா" என்றார் சின்னராசு. நானும் அப்படித்தான் சொல்வேன்.

எதற்கோ குனிந்தேன். முன்சீட்டுக்கு அடியில் என் வலது கால் நீண்டு, விரல்கள் மடங்கி, தரையை உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை. காலிடம் எடுக்கச் சொன்னேன். எடுத்ததா என்பதையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.